மூச்சு போய்ச் சேரும் இடம்

சென்ற இதழில் ஒரு வாசகர், "நாம் இழுக்கும் ஆக்சிஜன் உடம்புக்குள் கடைசியாக எங்கே போகிறது?" என்று கேட்டிருந்தார். பக்கத்தில் இடமில்லை. "செல்லுக்குள் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும் சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் என்ற நொதியிடம் போய்த் தண்ணீராகிறது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள்தான் இந்த இதழில் என் பக்கங்கள் முழுவதையும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. வேலை பார்த்த காலமெல்லாம் இந்த நொதியோடு புழங்கியவள் என்பதால் எனக்கு இதில் வருத்தமே இல்லை. மற்ற விஷயங்களைக் கேட்டு எழுதியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆக்சிஜனை இழுக்கிறோம், கார்பன் டை ஆக்சைடை விடுகிறோம் என்றுதான் என் மகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். நீங்கள் தண்ணீர் என்கிறீர்களே மேடம்?
*(பள்ளி மாணவியின் தாய்)*

நீங்கள் சொல்லிக்கொடுத்ததில் பிழையில்லை. இழுப்பது ஆக்சிஜன்தான், விடுவது கார்பன் டை ஆக்சைடுதான். ஆனால் இழுத்த ஆக்சிஜனே கார்பனோடு ஒட்டிக்கொண்டு வெளியே வருவதாகப் பலரும் நினைக்கிறார்கள். அங்கேதான் சிக்கல். கார்பன் டை ஆக்சைடில் இருக்கும் ஆக்சிஜன், சாப்பாட்டிலிருந்தும் செல்லுக்குள் ஏற்கெனவே இருக்கும் தண்ணீரிலிருந்தும் வருவது. மூச்சில் வந்த ஆக்சிஜன் மூலக்கூறு இந்த நொதிக்குள் நுழைந்து, நான்கு எலக்ட்ரான்களையும் நான்கு புரோட்டான்களையும் வாங்கிக்கொண்டு, இரண்டு தண்ணீர் மூலக்கூறுகளாக வெளியே போகிறது. (அப்புறம் அந்தத் தண்ணீருக்கும் கார்பன் டை ஆக்சைடுக்கும் இடையே ஆக்சிஜன் அணுக்கள் கைமாறிக்கொண்டே இருக்கும். அது வேறு கணக்கு.)

மகளிடம் ஒரு சின்ன கணக்கைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு முழுதாக எரிய 6 ஆக்சிஜன் மூலக்கூறுகள் வேண்டும். ஒவ்வொன்றும் 2 தண்ணீர் என்றால் இந்த நொதியில் மட்டும் 12 தண்ணீர் உண்டாக வேண்டும். புத்தகத்தில் இருக்கும் சமன்பாட்டிலோ 6 தண்ணீர்தான் இருக்கிறது. மீதி 6 எங்கே? குளுக்கோஸை உடைக்கும் முந்தைய படிகளில் 6 தண்ணீர் செலவாகிறது. வரவு 12, செலவு 6, இருப்பு 6. சமன்பாட்டை மனப்பாடம் செய்யும் பிள்ளைகளுக்கு இந்த வரவு செலவைச் சொன்னால், எந்த ஆக்சிஜன் எங்கே போனது என்பது ஒருபோதும் மறக்காது.

உடம்பு பயன்படுத்தும் ஆக்சிஜனில் ஏறத்தாழ 90 சதவீதம் இந்த ஒரு நொதியிடம்தான் போகிறது. நுரையீரல், இதயம், ரத்தம், ஹீமோகுளோபின் எல்லாமே அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஏற்பாடுகள்தான்.

இதன் அமைப்பைப் படத்தோடு படித்தும் எனக்குப் புரியவில்லை. சாதாரண மொழியில் சொல்ல முடியுமா?
*(உயிர்வேதியியல் இளங்கலை மாணவர்)*

படம்தான் உங்களைக் குழப்பியிருக்கும். சவ்வுக்குள் செருகிய முட்டை மாதிரி ஒன்றை வரைந்து, மேலே நான்கு என்று எண் போட்டுவிடுவார்கள் (மூச்சுச் சங்கிலியில் எலக்ட்ரான்களைக் கைமாற்றும் 'காம்ப்ளெக்ஸ்' என்ற நொதித் தொகுப்புகளில் இது நான்காவது). அந்த முட்டையைப் பார்த்து யாருக்கும் எதுவும் புரிந்ததாக எனக்குத் தெரியவில்லை.

மைட்டோகாண்ட்ரியாவுக்கு இரண்டு சவ்வுகள். உள்சவ்வின் குறுக்கே, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலை நீட்டிக்கொண்டு நிற்கிறது இந்த நொதி. எடை சுமார் 2 லட்சம் டால்டன் (ஒரு ஹைட்ரஜன் அணுவின் எடை ஏறத்தாழ ஒரு டால்டன்). மாட்டு இதயத்திலிருந்து எடுத்துப் படிகமாக்கியபோது 13 புரதத் துண்டுகள் தெரிந்தன. சவ்வைக் குறுக்கே கடக்கும் சுருள்கள் மொத்தம் 28. இந்த 13-ல் மூன்று மட்டுமே முதுகெலும்பு. அந்த மூன்றுக்குமான மரபணுக்கள் மைட்டோகாண்ட்ரியாவின் சொந்த டிஎன்ஏவில் இருக்கின்றன. மற்றவற்றுக்கு உட்கரு டிஎன்ஏவிலிருந்து உத்தரவு வர வேண்டும். இரண்டு இடத்திலிருந்தும் சாமான்கள் சரியான அளவில், சரியான நேரத்தில் வந்து சேர்ந்தால்தான் நொதி உருவாகும். இதைக் கட்டி முடிக்க மட்டும் தனியாக ஒரு கூட்டம் உதவிப் புரதங்கள் வேலை செய்கின்றன. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே ஒரு கடிதத்தில் தேவைப்படும்.

இனி உள்ளே இருக்கும் உலோகங்களுக்கு வருவோம். நொதியின் உயிரே அவைதான். இரண்டாம் துண்டின் வெளி முனையில், இரண்டு தாமிர அணுக்கள் ஒட்டி அமர்ந்திருக்கும் இடத்துக்குத் தாமிரம்-ஏ என்று பெயர். சைட்டோகுரோம் சி என்ற சின்னப் புரதம் ஒரு எலக்ட்ரானைச் சுமந்து வந்து இங்கேதான் இறக்குகிறது. அங்கிருந்து எலக்ட்ரான் முதல் துண்டுக்குள் இருக்கும் ஹீம்-ஏ என்ற இரும்பு வளையத்துக்குத் தாவுகிறது. அந்த இரும்பை இரண்டு பக்கமும் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலங்கள் பிடித்திருப்பதால் அங்கே வேறு எதற்கும் இடமில்லை. அடுத்தது ஹீம்-ஏ3. இதன் இரும்புக்கு ஒரு பக்கம்தான் ஹிஸ்டிடின். மறுபக்கம் காலி. அந்தக் காலியிடத்துக்கு எதிரே, 5 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு) கூட வராத தூரத்தில், தாமிரம்-பி நிற்கிறது. இரும்புக்கும் தாமிரத்துக்கும் நடுவிலுள்ள அந்தச் சந்தில்தான் நீங்கள் இழுத்த மூச்சு வந்து சேர்கிறது.

ஆக, வழி இதுதான்: சைட்டோகுரோம் சி, தாமிரம்-ஏ, ஹீம்-ஏ, ஹீம்-ஏ3 தாமிரம்-பி ஜோடி, ஆக்சிஜன். இந்த ஐந்தையும் வரிசை மாறாமல் சொல்ல வந்துவிட்டால் முட்டைப் படத்தைக் கிழித்துப் போடலாம்.

புத்தகத்தில் 13 துண்டுகள், இணையத்தில் 14. எது சரி?
*(முதுகலை மாணவி)*

இன்றைய கணக்கு 14. பதினான்காவது துண்டு, முதல் காம்ப்ளெக்ஸைச் சேர்ந்தது என்று வெகுநாள் எண்ணப்பட்டிருந்தது. பெயரும் அப்படித்தான், என்டியுஎஃப்ஏ4. அது உண்மையில் நான்காம் காம்ப்ளெக்ஸோடு சேர்ந்தது என்று 2012-ல் காட்டினார்கள். பழைய முறைப்படி சுத்திகரிக்கும்போது அது கழன்றுபோய்விடும். அதனால்தான் முதல் படிகங்களில் தென்படவில்லை. தேர்வில் 13 என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்குமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பேராசிரியரின் வயதைப் பொறுத்தது.

நான்கு எலக்ட்ரான்களை ஒரே நேரத்தில் தருகிறது என்கிறார்கள். சைட்டோகுரோம் சி ஒன்று ஒன்றாகத்தானே கொண்டுவருகிறது? இது எப்படி?
*(பள்ளி வேதியியல் ஆசிரியர்)*

வந்த கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்தது உங்களுடையதுதான் ஐயா. இந்த நொதியின் மொத்த சாமர்த்தியமும் இந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது. சிலர் இது ஏதோ ஆக்சிஜனை எரிக்கும் அடுப்பு என்கிற மாதிரி எழுதிவிட்டுப் போகிறார்கள். எரிப்பது பெரிய வித்தை இல்லை. பாதியில் கைநழுவ விடாமல் முடிப்பதுதான் வித்தை.

ஆக்சிஜனுக்கு ஒரு எலக்ட்ரான் மட்டும் கொடுத்தால் சூப்பர் ஆக்சைடு. இரண்டு கொடுத்தால் ஹைட்ரஜன் பெராக்சைடு. மூன்றாவதைக் கொடுத்தால் இன்னும் மோசம், ஹைட்ராக்சில் என்னும் மூர்க்கமான துணுக்கு. நான்கும் கிடைத்தால் சாதுவான தண்ணீர். எனவே நடுவில் எங்கேயும் விட்டுவிடக் கூடாது. எலக்ட்ரான்கள் வருவதோ நீங்கள் சொன்ன மாதிரி ஒவ்வொன்றாக.

கல்லாவில் இருப்பவர் வருகிறவர்களிடம் சில்லறை சில்லறையாக வாங்கிப்போட்டு, கேட்பவருக்கு முழு நோட்டாகக் கொடுப்பார் இல்லையா, அதே ஏற்பாடுதான். இன்னொரு சூட்சுமமும் உண்டு. நான்கு சில்லறையும் சேரும்வரை இந்தக் கல்லாக்காரர் காத்திருப்பதில்லை. இரண்டு வந்ததுமே, மீதி இரண்டைத் தன் பையிலிருந்து போட்டு முழு நோட்டைக் கொடுத்துவிடுகிறார். அப்புறம் வரும் இரண்டு எலக்ட்ரான்களை வாங்கித் தன் பையை நிரப்பிக்கொள்கிறார்.

வேதியியல் ஆசிரியர் என்பதால் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு எலக்ட்ரான்கள் வந்ததும் இரும்பு இரண்டு மின்னூட்ட நிலைக்கும், தாமிரம் ஒன்றுக்கும் இறங்கியிருக்கும். இப்போதுதான் ஆக்சிஜன் வந்து இரும்பில் உட்காருகிறது. அடுத்து ஆக்சிஜன் அணுக்களுக்கு இடையிலான பிணைப்பு ஒரே மூச்சில் உடைகிறது. அதற்கு இரும்பு இரண்டு எலக்ட்ரான்களைத் தருகிறது, தானே நான்காம் நிலைக்கு ஏறிவிடுகிறது. தாமிரம் ஒன்று தருகிறது. இதுவரை மூன்று. நான்காவது எங்கே?

பக்கத்திலேயே இருக்கும் டைரோசின் என்ற ஒரு அமினோ அமிலம் தருகிறது. இது சாதாரண டைரோசின் இல்லை. மாட்டு நொதியில் 244ஆவது இடத்தில் இருக்கும் இந்த டைரோசின், தாமிரம்-பியைப் பிடித்திருக்கும் 240ஆவது ஹிஸ்டிடினோடு நேரடிப் பிணைப்பால் ஒட்டப்பட்டிருக்கிறது. புரதங்களில் அபூர்வமாகவே காணக்கூடிய இணைப்பு. எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டு அது தற்காலிகமாக ஒரு தனித்துணுக்காக நிற்கும். நொதிக்குள்ளேயே பத்திரமாக நிற்பதால் யாருக்கும் ஆபத்தில்லை. பிறகு மூன்றாவது, நான்காவது எலக்ட்ரான்கள் வந்து கடனை அடைத்ததும் நொதி பழைய நிலைக்குத் திரும்பி அடுத்த ஆக்சிஜனுக்குத் தயாராகிறது. இந்தச் சுற்று ஒரு விநாடிக்குள் பல தடவை நடந்துவிடும்.

இத்தனை பொறுமையான வேலையை, வெறும் ஒற்றை இரும்பு அணுவை வைத்துக்கொண்டு செய்ய முடியாது. எதற்கு இரண்டு உலோகங்கள், எதற்கு அந்த ஒட்டுப்போட்ட டைரோசின் என்று உங்கள் மாணவர்கள் கேட்டால், நான்கு எலக்ட்ரான் கணக்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள். அமைப்பு ஏன் இப்படி என்பது தானாக விளங்கும்.

அப்படியானால் ஃப்ரீ ராடிக்கல்கள் இங்கிருந்துதான் வருகின்றனவா? ஆன்டி ஆக்சிடன்ட் மாத்திரை சாப்பிடலாமா?
*(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)*

மேலே உள்ள பதிலைப் படியுங்கள். மைட்டோகாண்ட்ரியாவில் சூப்பர் ஆக்சைடு கசிவது பெரும்பாலும் முதலாம், மூன்றாம் காம்ப்ளெக்ஸ்களில். ஆக்சிஜனோடு நேருக்கு நேர் வேலை செய்யும் நான்காம் காம்ப்ளெக்ஸ்தான் எல்லாவற்றிலும் சுத்தமான கைக்காரர். மாத்திரை விஷயத்தை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். இந்த நொதியைக் காரணம் காட்டி யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

இது புரோட்டானையும் பம்ப் செய்கிறது என்கிறார்கள். தண்ணீர் உண்டாக்குவதற்கும் பம்ப் செய்வதற்கும் என்ன சம்பந்தம்?
*(ஓய்வுபெற்ற மின் பொறியாளர்)*

மின் பொறியாளர் என்பதால் வோல்ட்டிலேயே பேசலாம். சைட்டோகுரோம் சி இருக்கும் மட்டம் ஏறத்தாழ 0.25 வோல்ட். ஆக்சிஜன்-தண்ணீர் ஜோடியின் மட்டம் 0.8-ஐத் தாண்டும். இடைவெளி அரை வோல்ட்டுக்குச் சற்று மேல். ஒரு ஆக்சிஜனுக்கு நான்கு எலக்ட்ரான்கள் இந்த இறக்கத்தில் இறங்குகின்றன. மொத்தம் 2.2 எலக்ட்ரான் வோல்ட் அளவுக்கு ஆற்றல் கிடைக்கிறது. சும்மா விட்டால் அவ்வளவும் சூடாகிப் போகும்.

நொதி அதை வீணாக விடுவதில்லை. இரண்டு வழியில் சேமிக்கிறது. எலக்ட்ரான்கள் சவ்வின் வெளிப்பக்கத்திலிருந்து வருகின்றன. தண்ணீராக்கத் தேவைப்படும் 4 புரோட்டான்களை அது உள்பக்கத்திலிருந்து மட்டுமே எடுக்கிறது. இதனாலேயே நான்கு மின்னூட்டம் சவ்வைக் கடந்ததற்குச் சமம். அது போதாதென்று, கூடவே இன்னொரு 4 புரோட்டான்களை உள்ளிருந்து வெளியே முழுதாகக் கடத்திவிடுகிறது. ஆக எட்டு மின்னூட்டம். சவ்வின் குறுக்கே இருக்கும் எதிர்விசை 0.18 வோல்ட் என்று வைத்துக்கொண்டால், எட்டையும் தள்ள ஆகும் செலவு 1.44. வரவு 2.2. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சேமிப்பு. உங்கள் துறையில் ஒரு இயந்திரம் இப்படி ஓடினால் என்ன சொல்வீர்கள் என்று எழுதுங்கள், அறிய ஆவல். தள்ளி வைத்த புரோட்டான்கள் திரும்பி உள்ளே வரும்போதுதான் ஏடிபி சிந்தேஸ் என்ற வேறொரு நொதி சுழன்று, செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபியைச் செய்கிறது.

புரோட்டான் போகும் பாதைகளுக்கு டி, கே என்று பெயர். பாதையில் முக்கியமான ஆஸ்பார்டிக் அமிலத்தையும் லைசினையும் குறிக்கும் எழுத்துகள் அவை. புரோட்டான் ஏன் வந்த வழியே திரும்பி ஓடிவிடுவதில்லை என்பதில் அணு அளவில் இன்னும் விவாதம் ஓடிக்கொண்டிருக்கிறது.

இதில் ஒரு பழைய சண்டையும் உண்டு. புரோட்டான் விசைதான் ஏடிபி செய்யும் ஆற்றல் என்று சொல்லி 1978-ல் நோபல் வாங்கிய பீட்டர் மிட்செலே, இந்த நொதி பம்ப் செய்யாது என்று அடித்துச் சொல்லிவந்தார். பின்லாந்துக்காரரான மார்ட்டென் விக்ஸ்ட்ரோம் 1977-ல், செய்கிறது என்று சோதனையோடு வந்தார். கடிதங்களிலும் கூட்டங்களிலும் பல வருஷம் இழுபறி. 1980களின் நடுவில்தான் மிட்செல் இறங்கி வந்தார். தன் கொள்கைக்கே பலம் சேர்க்கும் ஒரு கண்டுபிடிப்பை அந்தக் கொள்கையின் தந்தையே எதிர்த்தார் என்பது எனக்கு இன்றும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

இதைக் கண்டுபிடித்தது யார்?
*(ஒன்பதாம் வகுப்பு மாணவன்)*

ஒருவர் பெயரைச் சொல்லி முடிக்க முடியாதே தம்பி. சார்ல்ஸ் மக்மன் என்ற ஒரு டாக்டர், இங்கிலாந்தில் நோயாளிகளைப் பார்த்த நேரம் போக, நிறமாலைக் கருவியில் விலங்குகளின் தசைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹீமோகுளோபினுக்குச் சம்பந்தமில்லாத கறுப்புக் கோடுகள் தெரிந்தன. 1880களில் எழுதினார். அந்தக் காலத்தில் இந்தத் துறையின் பெரிய தலையான ஹோப்பே-சைலர், அதெல்லாம் ஹீமோகுளோபின் சிதைந்து வந்த கோடுகள் என்று தள்ளிவிட்டார். பெரிய தலை சொன்னால் அப்புறம் யார் கேட்பார்கள்? மக்மன் 1911-ல் இறந்துபோனார்.

டேவிட் கெய்லின் கேம்பிரிட்ஜில் ஒட்டுண்ணிகளை ஆராய்ந்தவர். குதிரையின் வயிற்றில் வளரும் ஒரு ஈயின் புழுக்களைப் பார்க்கப் போய், அதே கோடுகளில் வந்து இடித்துக்கொண்டார். பூச்சிகளின் தசையில் இருந்தன, ஈஸ்ட்டிலும் இருந்தன. ஈஸ்ட் கரைசலைக் காற்றோடு குலுக்கினால் கோடுகள் மறையும். சற்று நேரம் சும்மா வைத்தால் திரும்ப வரும். ஆக்சிஜன் வந்ததும் போனதும் கண் முன்னே தெரிந்தது. 1925-ல் அவற்றுக்கு சைட்டோகுரோம் என்று பெயர் வைத்தார். கட்டுரையிலேயே மக்மனுக்கு உரிய இடத்தையும் கொடுத்தார். அதற்காகவே எனக்குக் கெய்லின் மீது தனி மரியாதை.

அதே காலத்தில் ஜெர்மனியில் ஓட்டோ வார்பர்க் வேறு பக்கமிருந்து வந்தார். கார்பன் மோனாக்சைடு ஈஸ்ட்டின் சுவாசத்தை நிறுத்துகிறது, வெளிச்சம் அடித்தால் சுவாசம் திரும்புகிறது. எந்த நிற வெளிச்சத்துக்கு எவ்வளவு திரும்புகிறது என்று அளந்து, கண்ணால் பார்க்காத நொதியின் நிறமாலையையே வரைந்துவிட்டார். அதில் இரும்பு ஹீம் இருப்பது அப்படித்தான் தெரிந்தது. 1931-ல் நோபல் பரிசு. கெய்லினுக்குக் கிடைக்கவில்லை. நியாயமா என்று நீயே முடிவு செய்துகொள்.

அணு அணுவாக உருவம் தெரிய 1995 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஜப்பானில் ஷின்யா யோஷிகாவாவும் கூட்டாளிகளும் மாட்டு இதய நொதியை, ஜெர்மனியில் ஹார்ட்முட் மிஷெல் குழுவில் சோ இவாட்டா முதலியோர் ஒரு பாக்டீரியாவின் நொதியை, ஒரே மாதத்தில் வெளியிட்டார்கள். இரண்டும் 2.8 ஆங்ஸ்ட்ராம் துல்லியம். மாட்டுக்கும் பாக்டீரியாவுக்கும் அந்த இரும்பு-தாமிரச் சந்து ஒரே மாதிரி இருந்தது.

சயனைடு இந்த நொதியைத்தான் தாக்குகிறது என்று படித்தேன். கார்பன் மோனாக்சைடும் அதேதானா?
*(தீயணைப்புத் துறையில் பணிபுரியும் வாசகர்)*

சயனைடு, ஹீம்-ஏ3-ன் இரும்பு தன் எலக்ட்ரானை இழந்து நிற்கும் நிலையில் வந்து அந்தக் காலியிடத்தில் ஒட்டிக்கொள்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் நிறைய இருக்கும், செல்லால் அதை எடுத்துக்கொள்ள முடியாது. சிரைகளில் திரும்பும் ரத்தம்கூடச் சிவப்பாகவே இருப்பது இதனால்தான். கார்பன் மோனாக்சைடின் முதல் சேதம் வேறு இடத்தில். ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஹீமோகுளோபினில் உட்கார்ந்துகொள்கிறது. நொதியிலும் ஒட்டும், ஆனால் இரும்பு எலக்ட்ரானை வாங்கியிருக்கும் நிலையில். அங்கே ஆக்சிஜனோடு போட்டி போட்டுத்தான் இடம் பிடிக்க வேண்டும்.

உங்கள் வேலையில் இரண்டும் ஒன்றாக வரும் என்பதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. பிளாஸ்டிக், ஃபோம், கம்பளி எரியும் புகையில் ஹைட்ரஜன் சயனைடும் உண்டு. மருத்துவமனைகளில் அதற்குக் கொடுக்கும் ஹைட்ராக்சோகோபாலமின் வைட்டமின் பி12 குடும்பம். அதிலிருக்கும் கோபால்ட் சயனைடைப் பிடித்துக்கொண்டு சயனோகோபாலமினாக மாறிச் சிறுநீரில் வெளியேறுகிறது. சோடியம் தயோசல்ஃபேட் வேறு வழி: சயனைடைத் தயோசயனேட்டாக மாற்ற உதவும். பழைய நைட்ரைட் முறை ஹீமோகுளோபினின் ஒரு பகுதியை ஆக்சிஜன் சுமக்க முடியாததாக்கிவிடும் என்பதால், புகையில் சிக்கியவருக்கு டாக்டர்கள் தயங்குவார்கள். ஏற்கெனவே கார்பன் மோனாக்சைடு ஒரு பகுதியைத் தின்றிருக்குமே.

எங்கள் குழந்தைக்கு லீ சிண்ட்ரோம் என்ற மூளை நரம்பு நோய், இந்த நொதி குறைபாடு என்று சொல்லியிருக்கிறார்கள். எனக்கும் என் கணவருக்கும் எந்த நோயும் இல்லை. மைட்டோகாண்ட்ரியா தாயிடமிருந்து வருவது என்பதால் வீட்டில் என்னைத்தான் சொல்கிறார்கள்.
*(ஒரு தாய்)*

அம்மா, உங்களைச் சொல்கிறவர்களிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள். இந்த நொதியின் துண்டுகளில் மூன்றுக்கு மட்டும்தான் மரபணு தாய்வழி டிஎன்ஏவில் இருக்கிறது. மற்ற துண்டுகளும், கட்டி முடிக்கும் உதவிப் புரதங்கள் அத்தனையும் உட்கரு டிஎன்ஏவின் பொறுப்பு. அது அப்பாவிடமிருந்து பாதி, அம்மாவிடமிருந்து பாதி. இந்த நொதி குறைவதால் வரும் லீ சிண்ட்ரோமில் மிக அதிகமாகக் காணப்படும் காரணங்களில் ஒன்று, 9ஆவது குரோமோசோமில் இருக்கும் சர்ஃப்1 என்ற மரபணுவின் மாற்றம். அது ஒரு உதவிப் புரதத்துக்கான மரபணு. அப்பாவிடம் ஒரு பழுதான பிரதி, அம்மாவிடம் ஒரு பழுதான பிரதி, இருவரிடமும் ஒரு நல்ல பிரதி. அதனால் இருவரும் நலமாக இருப்பார்கள். இரண்டு பழுதும் ஒரே குழந்தையிடம் சேரும்போதுதான் நோய் தெரியும். ஒவ்வொரு கர்ப்பத்திலும் அப்படிச் சேர வாய்ப்பு நான்கில் ஒன்று.

உங்கள் குழந்தைக்கு எந்த மரபணு என்பது பரிசோதனை முடிவில்தான் தெரியும். கடிதத்தில் அது இல்லை. முடிவு இன்னும் வரவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள், மரபணு ஆலோசகரோடு இருவரும் சேர்ந்தே போய் உட்காருங்கள். அடுத்த குழந்தை பற்றிய முடிவுக்கு அதுதான் அடிப்படை. நோயை முழுதாக மாற்றும் மருந்து இன்று இல்லை. வலிப்பு, ஊட்டம், மூச்சு இவற்றைக் கவனித்துக்கொள்வதுதான் சிகிச்சை. சில வைட்டமின்களை டாக்டர்கள் முயன்று பார்ப்பதுண்டு. எந்த மருந்தைப் புதிதாகத் தொடங்கும்போதும், யார் எழுதிக்கொடுத்தாலும், மைட்டோகாண்ட்ரியா நோய் இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். சில மருந்துகள் இந்தக் குழந்தைகளுக்கு ஆகாது.

சிவப்பு விளக்கு சிகிச்சைக் கருவி இந்த நொதியைத் தூண்டுவதாக விளம்பரம் வருகிறதே?
*(நிறைய பேர்)*

நொதியின் தாமிரமும் ஹீமும் சிவப்பு, அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சும். தாமிரம்-ஏ 830 நானோமீட்டர் அருகே உறிஞ்சுவதை நானே கருவியில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். உறிஞ்சுகிறது என்பதிலிருந்து மூட்டுவலி, முடி உதிர்தல், மறதி எல்லாம் போகும் என்பதற்குத் தாவ, நடுவில் பல படிகள் இருக்கின்றன. விளம்பரம் அந்தப் படிகளில் ஏறுவதே இல்லை.

உடற்பயிற்சி செய்தால் இந்த நொதி கூடுமா?
*(நெடுந்தூர ஓட்டக்காரர்)*

கூடும். 1967-ல் ஜான் ஹாலோசி எலிகளை ஓடவிட்டுப் பார்த்தார். சில வாரங்கள் கடுமையாக ஓடிய எலிகளின் கால் தசையில் இந்த நொதியின் செயல்பாடு ஏறத்தாழ இரு மடங்கானது. தனித்தனி நொதி வேகமாக ஓடுகிறது என்று அர்த்தமில்லை, மைட்டோகாண்ட்ரியாவே அதிகமாகிறது. மனிதருக்கும் இதே கதைதான். ஓட்டத்தை நிறுத்தினால் சில வாரங்களிலேயே இறங்கிவிடும், அதற்கு நான் பொறுப்பில்லை.

விலங்கியலில் இனங்களை அடையாளம் காணப் பயன்படுத்தும் சிஓஐ மரபணு இதுதானா?
*(ஆராய்ச்சி மாணவி)*

இதேதான், நொதியின் முதல் துண்டுக்கான மரபணு. 2003-ல் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் பால் ஹெபர்ட் குழுவினர் அதன் 650 எழுத்துகள் அளவுள்ள ஒரு பகுதியை விலங்குகளுக்குப் பார்கோடாக முன்வைத்தார்கள். மேலே சொன்ன இரண்டு ஹீம்களின் இரும்பும் தாமிரம்-பியும் இந்தத் துண்டில்தான் இருக்கின்றன. அமினோ அமிலம் மாறினால் நொதி கெட்டுவிடும் என்பதால் புரதம் அவ்வளவாக மாறாது. எந்த விலங்கை எடுத்தாலும் மரபணு இருக்கும், எளிதாகப் படியெடுக்கலாம். அதேசமயம், மரபணு மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கப்படுகிறது; மாறினாலும் அமினோ அமிலத்தைப் பெரும்பாலும் பாதிக்காத மூன்றாவது எழுத்துகள் இனத்துக்கு இனம் மாறிக்கொண்டே போகும். அடையாளம் கிடைப்பது அந்த எழுத்துகளில்.

செடிகளுக்கும் உண்டா?
*(தோட்டம் வைத்திருப்பவர்)*

உண்டு. கூடவே சயனைடுக்கு அசையாத மாற்று ஆக்சிடேஸ் ஒன்றும் உண்டு. அது புரோட்டான் தள்ளாது, ஆற்றல் சூடாகப் போகும். தாமரைப்பூ வெளியே 10 டிகிரி குளிர் இருந்தாலும் தன்னை 30 டிகிரிக்கு மேல் வைத்துக்கொள்வது இந்தக் குறுக்குவழியால்தான்.

ஆய்வகம் இல்லாமல் இந்த நொதியைக் கண்ணால் பார்க்க வழி உண்டா மேடம்?
*(பன்னிரண்டாம் வகுப்பு மாணவி)*

சுத்திகரித்த நொதி பச்சையும் பழுப்பும் கலந்த நிறத்தில் இருக்கும். அது உனக்குக் கிடைக்காது. கெய்லின் பார்த்த கோடுகளைப் பார்க்கலாம். பள்ளியில் கைநிறமாலைக் கருவி இருந்தால் ஆசிரியரைக் கேட்டு வாங்கிக்கொள். ஈஸ்ட்டைத் தண்ணீரில் குழம்பு மாதிரி கெட்டியாகக் கரைத்து ஒரு கண்ணாடிக் குழாயில் எடு. பின்னால் பழைய இழை பல்பு வை. எல்இடி வேண்டாம், அதன் நிறமாலை சீராக இருக்காது. அறையை இருட்டாக்கிக் கொஞ்ச நேரம் கண்ணைப் பழக்கிக்கொள். ஈஸ்ட்டைக் கலக்காமல் சில நிமிடம் விட்டால் பச்சையில், 550 நானோமீட்டர் அருகே, சைட்டோகுரோம் சியின் கோடு முதலில் தெரியும். 605 அருகே ஆரஞ்சில் ஒரு மெல்லிய கோடு வரும். அதில் பெரும் பங்கு ஹீம்-ஏ, இந்த நொதியின் கோடு. தெரியவில்லை என்றால் ஈஸ்ட் நீர்த்திருக்கிறது, இன்னும் கெட்டியாக்கு. தெரிந்ததும் குழாயை நன்றாகக் குலுக்கிவிட்டு உடனே பார். குலுக்கிய கையோடு பார்க்க வேண்டும், ஈஸ்ட் அந்த ஆக்சிஜனைச் சீக்கிரமே தீர்த்துவிடும்.